பட்டில் ஒரு பெல்ட்

அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த கண்ணாத்தாளின் முதுகில் பளீரென்று அகப்பைக் காம்பு விழுந்தது.

"அங்க இல்ல, தேடாத" என்றாள் அவள் அம்மா காளியம்மாள்.

"பின்ன எங்கம்மா ஒளிச்சு வச்ச? கிளாசுக்கு நேரமாவுது."

"ஆவட்டும். ஞாயித்துக்கெழம முடியிற வரைக்கும் அந்த நாடாவ நீ கண்ணால பாக்க முடியாது."

"நாடா இல்லம்மா, பெல்ட்டு. பச்ச பெல்ட்டு. அதுக்கு நான் எத்தன ஒத வாங்கியிருக்கேன் தெரியுமா?"

"ஒத வாங்கறதுக்கு ஒரு பள்ளிக்கூடமாடி? கேட்டிருந்தா வீட்டுலயே குடுத்திருப்பேனே!"

இருபது வயதுப் பெண்ணை அகப்பையால் அடிக்கிற தாயும், "இதுக்குப் பேரு அடியா?" என்று தோளைக் குலுக்குகிற மகளும் இருக்கிற வீட்டில் பேச்சு சீக்கிரம் முடியாது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த கோவிந்தராசு இரண்டு பேரையும் பார்க்காமல் தெருவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். முந்தின நாள் சாயங்காலம் பண்ணை வீட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். போய்விட்டு வந்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா..." என்று ஆரம்பித்தார். அவர் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தால் அதில் நிறைய இருக்கும் என்பது மகளுக்குத் தெரியும். "ஞாயித்துக்கெழம கராத்தே பரிச்சையில வரிசைக்கு மொத ஆளா பண்ணை வீட்டுத் தம்பி நிக்கணுமாம். நீ கடைசியா நிக்கணுமாம். அந்தக் காப்பிக் கலரு பெல்ட்டு இருக்கு பாரு, அதத் தம்பிக்குத்தான் கட்டணும்னு அய்யா சொல்லிட்டாரு."

"சந்தானத்துக்குன்னு என் காதுலயும் விழுந்துச்சு. அது நீல பெல்ட்டுப்பா! நீலத்துக்கு மேல மஞ்ச, மஞ்சளுக்கு மேல பச்ச, அதுக்கும் மேலதான் பிரவுன். நடுவுல ரெண்டு படிய யாரு தாண்டறது, அவுங்க அப்பாவா?"

"பேரச் சொல்லாதடி!" என்று காளியம்மாள் பாய்ந்து வாயைப் பொத்தினாள். பதற்றத்தில் அவள் பொத்தியது தன் வாயை.

கோவிந்தராசு லேசுப்பட்ட ஆள் இல்லை. பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும் என்பது அந்த ஊரில் காலங்காலமாக நடந்த வழக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால், கூலிப் போராட்டத்தின்போது, 'இனிமே துண்டு தோளை விட்டு எறங்காது' என்று முதலில் சொன்ன பத்துப் பேரில் அவரும் ஒருவர். அதற்காக லாக்கப்பில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தவர். அந்த மனிதர் இன்றைக்கு "ஒரு நாளைக்குத்தானம்மா, விட்டுக்குடு" என்று சொன்னபோது கண்ணாத்தாளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது.

"ஒரு நாள் இல்லப்பா. மகளிர் போலீசு வேலைக்கு எழுதிப் போட அடுத்த மாசம் கடைசி. மெட்ராசுலேருந்து இந்த வருசத்துக்கு ஒரே ஒரு பிரவுன் சர்ட்டிபிகேட்டுதான் வந்திருக்கு. அத அவுங்க வாங்கிட்டா நான் எத வச்சு எழுதறது? ரெண்டு வருசம் ஒத வாங்குனது நானு."

அப்பா மறுபடி தெருவைப் பார்த்தார். பெல்ட் இல்லாமலே அவள் கிளம்பினாள்.

குடவாசலிலிருந்து இரண்டு கல் தொலைவில் இருக்கிற அந்த ஊருக்குக் கராத்தேயைக் கொண்டுவந்தவர் மூஸா. மலேசியாவில் பன்னிரண்டு வருஷம் சாப்பாட்டுக்கடையில் வேலை பார்த்துவிட்டு, எல்லாரும் சென்ட்டும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவருகிற காலத்தில், இடுப்பில் ஒரு கறுப்பு பெல்ட்டோடு வந்து இறங்கிய மனிதர். அவர் சொல்லிக்கொடுத்தது காற்றில் கையை வீசிக் கத்துகிற கராத்தே இல்லை. முகத்தில் மட்டும் குத்தக்கூடாது. மற்றபடி நெஞ்சிலும் விலாவிலும் தொடையிலும் நிஜமாகவே விழும். கையுறை கிடையாது. தொட்டு எடுத்தால் புள்ளி என்கிற பேச்சே கிடையாது. ஆரம்பத்தில் ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். இரண்டாம் மாதம் கண்ணாத்தாள் மட்டும் மிச்சம். பகலில் நடவு, சாயங்காலம் உதை என்று அவள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

வகுப்பு நடந்தது கல்யாணம் என்கிற பண்ணையாரின் பழைய நெல் கிடங்கில். ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமாக இருந்தது. அவருடையதுதான் என்றாலும் பத்திரத்தில் அவருடைய சமையல்காரர் பெயர் இருக்கும். நில உச்சவரம்புச் சட்டம் வந்த வருஷம் அந்தச் சமையல்காரருக்கும், செத்துப்போன ஒரு சித்தப்பாவுக்கும் எங்கிருந்தோ ஏகப்பட்ட சொத்து வந்து சேர்ந்தது. சரி, அது அவர்கள் அதிர்ஷ்டம்.

கிடங்குக்குள் வந்துவிட்டால் விதி ஒன்றுதான். வெள்ளை, ஆரஞ்சு, நீலம், மஞ்சள், பச்சை, பிரவுன், கறுப்பு. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. இடுப்பைப் பார்த்துப் போய் நிற்க வேண்டியதுதான். கீழே உள்ளவர் மேலே உள்ளவரைப் பார்த்துக் குனிந்து 'ஓஸ்' என்று கராத்தே வணக்கம் சொல்ல வேண்டும். பண்ணையாரின் ஒரே மகன் சந்தானகிருஷ்ணன், கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறவன், இரண்டு வருஷமாகக் கண்ணாத்தாளுக்குக் குனிந்து 'ஓஸ்' சொல்லிக்கொண்டுதான் இருந்தான். 'அக்கா' என்று கூப்பிடுவான். சட்டைப் பையிலிருந்து வேர்க்கடலை கொடுப்பான். கிடங்கை விட்டு வெளியே காலை வைத்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த விதியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவே தெரிந்திருந்தது.

போன வாரம் பண்ணையார் பழைய சாக்குகளை எண்ணிப் பார்க்கக் கிடங்குக்கு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இடுப்பில் துணி, குனிந்த முதுகு. பிறந்ததிலிருந்து அவர் பார்த்துப் பழகிய கோலம்தான். ஆனால் குனிந்து நிற்பது தன் மகன், எதிரே நிமிர்ந்து நிற்பது கோவிந்தராசு மகள் என்பதுதான் அவருக்குப் புதுசு. மனிதர் சாக்கு எண்ணவில்லை.

மறுநாளே மூஸாவைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஜன்னலோரம் தண்டால் எடுத்துக்கொண்டிருந்த கண்ணாத்தாளின் காதில் எல்லாம் விழுந்தது.

"பாய், இதுல ஒசந்த கலரு எது?"

"கறுப்புங்க."

"அதத் தம்பிக்குக் குடுத்துடுங்க."

"அதுக்குப் பத்து வருசம் ஆவுங்க."

"சரி, அதுக்கு அடுத்தது?"

"பிரவுனுங்க."

"அது போதும். ஒண்ணும் அவசரமில்ல, ஞாயித்துக்கெழமையே குடுங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார். "கோயில்ல மொதப் பரிவட்டம் எங்க வீட்டுக்குத்தான், எங்க பாட்டன் காலத்துலேருந்து. தலையில கட்டறதே நாங்க மொதல்ல கட்டறப்ப, இடுப்புல கட்டறதுக்கு எங்களத் தள்ளி நிறுத்தலாமா, சொல்லுங்க."

மூஸா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கூரையும் பண்ணையாருடையதுதான்.

அதைக் கேட்டதிலிருந்து மாஸ்டர் தானாகச் சொல்லட்டும் என்று கண்ணாத்தாள் காத்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம், பெல்ட் இல்லாமல் போய் நின்றவளை அவர் தனியாகக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. "அடுத்த வருசம் ஒனக்கு நிச்சயம், அம்மாடி. இந்தக் கொட்டகைய பூட்டிட்டாருன்னா முப்பது புள்ளைங்க எங்க போவும்?"

"நீங்களுமா மாஸ்டர்?"

அந்த ஒரு கேள்விக்கு அவர் மூன்று தடவை தாடியைத் தடவினார். அவள் தலையைக் குனிந்து விரல்களை மடக்கினாள். அழுதுவிடுவாளோ என்று அவர் பயந்தார். அவள் அழவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், பிரவுன் பெல்ட்டுக்கு நிக்கிறவங்க மத்த பத்துப் பேரோடயும் ஓய்வில்லாம ஒருத்தர் மாத்தி ஒருத்தரா சண்ட போடணும்தானே?"

"ஆமா. ஆளுக்கு ஒரு நிமிசம்."

"அந்த விதிய அய்யா மாத்தச் சொன்னாரா?"

"அத அவரு கேக்கவே இல்லியே."

"பரிச்சைக்கு நாம பதினோரு பேரு. பத்தாவது சண்டைக்கு யாரு வருவா?"

"வரிசையில கடைசி..." என்று ஆரம்பித்த மூஸா நிறுத்தினார். தாடிக்குள் ஏதோ அசைந்தது.

"கடைசியா நிக்கப் போறது நான்தான் மாஸ்டர். அய்யாவே எடம் ஒதுக்கிக் குடுத்துட்டாரு."

வீட்டுக்குப் போய், கடைசியில் நிற்கச் சம்மதம் என்றாள். "இவ்வளவு சுளுவா ஒத்துக்கற ஆளாடி நீ?" என்று காளியம்மாள் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, அடைகாக்கிற கோழிக்குக் கீழே கையை விட்டுப் பச்சை பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு வாசலில் பந்தல், மைக் செட், சீரியல் பல்பு. பண்ணை வீட்டுக்காரர்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் நாற்காலி. காலனித் தெருக்காரர்களுக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற உரிமை. கல்யாணம் கரை வேட்டியில் வந்து இறங்கினார். ஆட்சி மாறினால் அவருடைய வேட்டிக் கரையும் மாறிவிடும். பெல்ட் மாற்றுவதில் அவர் தன் மகனைவிட வேகம். சமத்துவத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். அவருக்குப் பக்கத்தில் மனைவி விஜயம், மடியில் வெள்ளித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒரு பெல்ட். கும்பகோணத்தில் சொல்லி நெய்த பிரவுன் பட்டு, இரண்டு பக்கமும் தங்கச் சரிகை, மேலே மல்லிகைச் சரம். அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்ததாம். மூஸா அதைப் பார்த்துவிட்டு இருமுவது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரிசை நின்றது. முதலில் சந்தானம், முகம் வெளிறி. கடைசியில், ஆரஞ்சு பெல்ட்டுக்காகக் காத்திருக்கிற பொடிசுகளுக்கும் அப்பால், கண்ணாத்தாள். பண்ணையாருக்கு மனசு நிறைந்தது. "முதலாவதாக நிற்கும் மாணவர் பத்துப் பேருடன் மோதுவார்" என்று மூஸா மைக்கில் சொன்னபோது லேசாகப் புருவம் தூக்கினாரே தவிர, பயப்படவில்லை. தன் பிள்ளையை இந்த ஊரில் எவன் அடிப்பான்?

அவர் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. முதலில் வந்தவன் செல்லதுரை, கண்ணாத்தாளின் காலனித் தெருக்காரன், மஞ்சள் பெல்ட். 'ஒரே ஒதையில படுக்க வக்கிறேன் பாரு' என்று ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன். களத்தில் இறங்கியதும் சந்தானத்தின் தொடையில் தூசி தட்டுகிற மாதிரி ஒரு உதை விட்டான்.

"அடிடா" என்றான் சந்தானம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எங்கப்பாரு ஒங்க வயல்ல நிக்கிறாருங்க" என்றான் செல்லதுரை அதைவிட மெதுவாக.

அடுத்தவன் தடவினான். அதற்கடுத்தவன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ஒன்பது பேரும் இப்படியே வந்து போனார்கள். சந்தானம் விட்ட குத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைதட்டல் காதைப் பிளந்தது.

"பாத்தியா, ஒருத்தனாலயும் நம்ம புள்ளைய ஆட்ட முடியல!" என்றார் பண்ணையார்.

"ஆட்டவே இல்லியே, எப்படி ஆடும்?" என்றார் விஜயம்.

பத்தாவதாகக் கண்ணாத்தாள் வரிசையின் கடைசியிலிருந்து நடந்து வந்தாள். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவளும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். கிடங்கு இருக்கும், அப்பாவுக்கு வேலை இருக்கும், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். கயிற்றுக்கு அப்பாலிருந்து "வேண்டாண்டி கண்ணாத்தா!" என்று ஒரு குரல் கேட்டது. அது யார் குரல் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

சந்தானம் குனிந்தான். நிமிரும்போது அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்களும் தடவிட்டுப் போயிடாதீங்க."

இரண்டு வருஷமாக இந்தக் கிடங்கில் அவனை நிஜமாக அடித்த ஒரே ஆள் அவள்தான். அவனை ஒரு ஆளாக மதித்ததும் அவள்தான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. முதல் குத்து அவனுடையது. அவள் விலாவில் சரியாக விழுந்தது. வலித்தது. நல்ல குத்து என்று நினைத்துக்கொண்டே அவள் உள்ளே புகுந்து, வலது காலைச் சுழற்றி அவன் தொடையில் விட்டாள். பண்ணை வீட்டு வாரிசு பந்தல் தரையில் மல்லாக்க விழுந்தான்.



"ஏய்!" என்று பண்ணையார் எழுந்தார். அது பழைய 'ஏய்'. வயல் வரப்பில் இரண்டு தலைமுறை கேட்டுப் பழகியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வயசாளிகளின் கைகள் தாமாகவே தோள் துண்டுக்குப் போயின. கோவிந்தராசுவின் கையும் போயிற்று. போன கை துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

சந்தானம் எழுந்தான். நொண்டினான், ஆனால் சிரித்தான். மூஸாவின் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"என்னை ஒன்பது பேரு அடிக்கவே இல்ல. அடிச்சது அக்கா மட்டும்தான். இது என் எடம் இல்ல மாஸ்டர்."

அப்பா பார்க்க, அம்மா பார்க்க, ஊர் பார்க்கக் கண்ணாத்தாளுக்குக் குனிந்து 'ஓஸ்' என்றான். பிறகு நொண்டிக்கொண்டே போய் மஞ்சள் பெல்ட்டுகளுக்குப் பின்னால் தன் இடத்தில் நின்றான்.

"அப்ப மொத ஆளு யாரு?" என்று மூஸா உரக்கக் கேட்டார். அவருக்கும் எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. கண்ணாத்தாள் போய் நின்றாள்.

இனிமேல்தான் வேடிக்கை. பண்ணை வீட்டுப் பிள்ளையைத் தடவிக் கொடுத்த அதே ஒன்பது பேரும் அவள்மேல் இடிமாதிரி விழுந்தார்கள். செல்லதுரை விட்ட உதையில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவளுக்கு வலியைவிட ஆத்திரம்தான் வந்தது.

"ஏண்டா, இந்தக் கால இம்மாம் நேரம் எங்கடா வச்சிருந்த?"

"நீதானக்கா... நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்ட" என்றான் அவன்.

அதற்கு ஒரு குத்து தனியாகக் கொடுத்தாள். இவர்களுக்கு அடிக்கத் தோதான ஆள் எப்போதும் சொந்தத் தெருவிலேயே கிடைத்துவிடுகிறது! ஒன்பது பேரையும் நின்று தாங்கினாள். நடுவில் தன் முறைக்கு வந்த சந்தானமும் நொண்டுகிற காலோடு முழு பலத்தையும் காட்டினான். அவன் காட்டிய மரியாதை அது. மணி அடித்தபோது அவள் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

பண்ணையாரின் கார் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. விஜயம் போகவில்லை. "நான் நடந்தே வந்துக்கறேன்" என்று டிரைவரிடம் சொல்லியனுப்பிவிட்டு, மூஸா தன் ரெக்சின் பையிலிருந்து சாதாரணப் பருத்தி பெல்ட் ஒன்றை எடுத்துக் கண்ணாத்தாளின் இடுப்பில் கட்டுவதை இருந்து பார்த்தார். சர்ட்டிபிகேட்டில் அவள் பெயரை எழுதி முத்திரை குத்தியபோது முதலில் கைதட்டியது அவர்தான். தட்டிலிருந்த பட்டு பெல்ட்டை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். "நல்ல சரிகை, ரவிக்கைக்குக் கரை வச்சுக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை கிடங்கில் பெரிய பூட்டாகத் தொங்கியது. முப்பது பிள்ளைகளும் ஊரில் வேறு எங்கே போவது? இருந்தது ஒரே இடம்தான், காலனித் தெருவின் நடுவில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த சமுதாயக் கூடம். பண்ணையாரே திறந்து வைத்தது. திறந்து வைத்த அன்று தெருமுனையில் நின்றபடி ரிப்பனை வெட்டிவிட்டு அப்படியே திரும்பிப் போனார். செவ்வாய்க்கிழமையிலிருந்து வகுப்பு அங்கே நடந்தது.

கராத்தேக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. பயிற்சி இடத்துக்குள் நுழையும்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே பார்த்து நன்றாகக் குனிந்து 'ஓஸ்' சொல்லிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். ஆற்றங்கரைக் கிடங்கில் அதைப் பார்க்க ஒரு காக்காய்கூட இருக்காது. சமுதாயக் கூடத்துக்கு எதிரே குழாயடி. சரியாக ஆறு மணிக்குக் குடத்தோடு தெருவே அங்கேதான் நிற்கும். சந்தானம் சைக்கிளை நிறுத்தினான், செருப்பைக் கழற்றினான், காலனித் தெருவின் வாசலில் முதுகு வளையக் குனிந்து, குழாயடிக்கே கேட்கும்படி 'ஓஸ்' என்றான். முதல் நாள் காளியம்மாள் பதறிப்போய்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் கும்பிட்டாள். இரண்டாம் நாள் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாம் நாள் "நேத்தவிட இன்னிக்குக் கொஞ்சம் கம்மியா குனிஞ்சிருக்கு தம்பி" என்றாள்.

நாலாம் நாள் தெருமுனையில் கார் வந்து நின்றது. பண்ணையார் இறங்கவில்லை. டிரைவர்தான் ஒரு சாவியோடு ஓடிவந்தார்.

"அய்யா கிடங்கத் தொறந்து விடச் சொன்னாரு. இன்னிக்கே எல்லாரும் அங்க போயிடணுமாம். கண்ணாடி, மின்விசிறி எல்லாம் போட்டுத் தர்றாராம்."

மூஸா கண்ணாத்தாளைப் பார்த்தார். வரிசையின் முதல் ஆள் அவள்தானே. அவள் வாசலுக்கு வந்தாள்.

"எங்களுக்கு இங்கயே வசதியா இருக்கு, அய்யாவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்கண்ணே. தம்பி எப்படிக் கத்துக்குதுன்னு அவரு எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம். வாசல்ல செருப்பக் கழட்டிட்டு, குனிஞ்சுட்டு வரணும். அது மட்டும்தான் விதி. இங்க எல்லாருக்கும் அதேதான்."

டிரைவர் சாவியோடு திரும்பிப் போனார். அந்தத் தெருமுனையில் காரைத் திருப்ப இடம் கிடையாது. பண்ணையார் வந்த வண்டி மெயின் ரோடு வரைக்கும் பின்பக்கமாகவே போயிற்று.